தாவூது பாயின் மூன்று பேட்டரிகள்

‘ஒரு வாகனத்தில் ஓராண்டுக்குள் இரண்டாவது பேட்டரியும் பழுதானால், மூன்றாவதை வழங்கும் முன் அவ்வாகனத்தின் மின்னேற்ற அமைப்பு முழுவதும் பட்டறையில் சோதிக்கப்பட வேண்டும்.’

எங்கள் துறையின் வாகனப் பராமரிப்பு விதிகளில் இப்படி ஒன்று இருந்தது. தெளிவான விதி. இதற்கு விளக்கக் குறிப்போ, விலக்கோ, திருத்தமோ கிடையாது. இதைப் படித்துப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு போதும். தாவூது பாயின் மோட்டார் சைக்கிளில் மூன்றாவது பேட்டரியும் செத்த பிறகு எங்கள் அலுவலகம் சோதனையில் இறங்கியது. ஆனால் வண்டியை விட்டுவிட்டு ஆளைச் சோதித்தது.

துறையின் பெயர் வேண்டாம். என் ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் பட்டறைப் பிள்ளைகள் இருவர் வீடு தேடி வந்தார்கள். பழைய டைனமோ சோதனை மேசையைக் கழித்துக் கட்டப் போகிறார்களாம். “இது எதுக்குங்க சார் ஆகும்? குறிப்புல என்னன்னு எழுதறது?” என்று கேட்டார்கள். “ஒரு ஆளை வேலைக்குத் திரும்ப வெக்க ஆச்சு” என்றேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் கோயமுத்தூரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் கையில் கிரீஸ், பிறகு திருப்பூர்ப் பட்டறையில் ஃபோர்மேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் நான் தொழில் கற்றது ஆறுமுகம் சாரிடம். அவர் எங்கள் உதவிப் பொறியாளர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கொங்கு நாட்டில் பல வருடம் இருந்தும் எங்கள் ‘ங்க’ ஒன்றுகூட அவர் நாக்கில் ஒட்டவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த வண்டியைத் தொடும் முன்னும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானைப் பூட்டிவிடுவார். அதன் பிறகு யாரும் அவசரம் என்ற சொல்லை எடுக்கக் கூடாது. அறிக்கைக்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. மூன்று பகுதி: பார்த்தது, செய்தது, நினைப்பது. மூன்றையும் நாம் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்ததும் சிவப்புப் பென்சிலால் மூன்றாவது பகுதியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்துவிடுவார்.

“அடிக்கறதுக்கு எதுக்குங்க சார் எழுதச் சொல்றீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உம்ம நினைப்பை வெளியே எடுத்துப் போட்டாத்தான்வே மீதி ரெண்டும் சுத்தமா இருக்கும்” என்றார்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தாவூது பாய் எங்கள் துறையில் களப்பணியாளர். நல்லூரிலிருந்து மூலனூர் வரைக்கும் கிராமம் கிராமமாகப் போய் வர அவருக்கு ஒரு சீமை மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் விட்டுப் போனதோ, போன பிறகு வந்ததோ, எப்படியும் அப்போதே அது பழைய வண்டி. எஞ்சினுக்குப் பொறி கொடுக்க மேக்னெட்டோ தனியாக உண்டு. டைனமோவும் ஆறு வோல்ட் பேட்டரியும் விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும். அதாவது பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். இருட்டில் குருட்டுத்தனமாக ஓடும், அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார் எங்கள் அலுவலக மேலாளர். “பேட்டரி இல்லாமயே ஓடற வண்டிங்க. புதுசை வித்துட்டுப் பழசை மாட்டியிருக்கான். செத்துப் போச்சுன்னு அடுத்ததை வாங்கியிருக்கான்” என்றார். அவரிடம் சாட்சியும் இருந்தது. தாவூது பாய் பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு பஜாரில் பேட்டரிக் கடைக்குள் நுழைந்ததை மேலாளரே தம் கண்ணால் பார்த்திருக்கிறார்.

தாவூது பாய் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நிரூபணமானால் வேலை போகும். வீட்டில் மனைவி, நான்கு குழந்தைகள். அதைவிட, பள்ளிவாசல் தெருவில் ‘பேட்டரி திருடன்’ என்று ஒரு பேர் வந்துவிட்டால் சாகும் வரை போகாது.

குற்றச்சாட்டை முடிக்க ஒரு காகிதம் குறைந்தது: ‘வண்டியில் பழுது ஏதுமில்லை’ என்ற பட்டறைச் சான்று. அதைக் கேட்டு வண்டியை எங்களிடம் அனுப்பினார்கள். அதாவது, விதிப்படி முதலில் செய்ய வேண்டியது கடைசியில் வந்தது, பதிலையும் எழுதி எடுத்துக்கொண்டு.

வண்டியோடு தாவூது பாயும் வந்து பட்டறை வாசலில் நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. நான் வெளியே போனேன்.

“ஆமாங்க, தோள்ல தூக்கிட்டுத்தான் போனேன். சார்ஜ் போடறதுக்குப் போனேனுங்க. அம்மீட்டர் முள்ளு பிளஸ் பக்கம் போகவே மாட்டேங்குது, சார்ஜே ஏறலைன்னு மேலாளர்கிட்டச் சொன்னேன். ‘முள்ளைப் பாக்காதே, ரோட்டைப் பாத்து ஓட்டு’ன்னாரு. நீங்களே சொல்லுங்க, திருடறவன் பட்டப்பகல்ல நடு பஜார்லயா தோள்ல வெச்சுட்டுப் போவான்? சாக்குல கட்டிச் சந்து வழியால்ல போவான்?”

“இதை விசாரணையில சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க. ‘சந்து வழியெல்லாம் உனக்கு நல்லாத் தெரியுதே’ன்னாங்க.”

சோதனையை முறைப்படி தொடங்கினோம். இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இனி யாருக்கும் தேவைப்படாது என்பதால் தயங்காமல் படிக்கலாம்.

டைனமோவிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்ற வேண்டும். டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாக இணைத்து, அங்கே வோல்ட்மீட்டரின் ஒரு காலையும் வண்டியின் உடம்பில் மறு காலையும் வைக்க வேண்டும். சீமை வண்டிகளில் பிளஸ் முனைதான் உடம்பில் இருக்கும். அவசரக்காரன் மீட்டரைத் தலைகீழாக மாட்டி, முள் பின்னால் போகிறது என்று கூச்சல் போடுவான். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, திராட்டில் கைப்பிடியை மெதுவாகத் திருக வேண்டும். முள் நடுங்காமல், தயங்காமல், படியேறுவதைப் போல ஏற வேண்டும். பத்து வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்குகிறவன் டைனமோவைச் சோதிக்கவில்லை, எரிக்கிறான்.

முள் படியேறியது. நடுங்கவில்லை.

அடுத்து ரெகுலேட்டர், டைனமோவின் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி. அதற்குள் டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் ஸ்விட்சான கட்-அவுட்டின் பாயின்ட்டுகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, எந்த வோல்ட்டில் அது கட்டுக்குள் நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். எட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. காகிதத்தை உருவியதும் கட்-அவுட் ஆறுக்குச் சற்று மேலே மூடியது. ஒயர், எர்த், அம்மீட்டர் எல்லாம் சரி. பாடப் புத்தகத்தில் படமாகப் போடலாம் என்னும்படி இருந்தது வண்டி.

வேறொருவர் அதே வண்டியை ஒரு மாதம் ஓட்டினார், இரவில் பட்டறையில் நிறுத்தினார். பேட்டரி குறையில்லாமல் இருந்தது. மேலாளர் பட்டறைக்கே வந்து சிரித்தார். “பாத்தீங்களா? அவன் கையில செத்த பேட்டரி இவன் கையில பொழைக்குது. சீக்கிரம் எழுதிக் குடுங்க.”

எழுத வேண்டியதுதான். பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் எங்கள் பட்டறையில் இன்னொரு விதியும் இருந்தது: சோதனைக்கு வரும் வண்டியை முதலில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, டைனமோ மூடியைத் திறந்து காற்றடித்து, உள்ளே சுழலும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் துணியால் துடைத்த பிறகுதான் மீட்டரை வைக்கலாம். நோயாளியைக் குணமாக்கிவிட்டு நாடி பிடிக்கும் நடைமுறை. எனக்கு முன்பே யாராவது இதை யோசித்திருக்கலாம். விதி என்று எழுதிவிட்டால் யோசிக்கும் வேலை மிச்சம்.

டைனமோவை மறுபடி கழற்றினேன். கழுவும்போது கைபடாத இடம் ஒன்றே ஒன்று. அந்தப் பழைய மாடலில் கம்யூட்டேட்டர் முனையில் ஒரு சின்ன எண்ணெய்த் துளை உண்டு. மூடி போட்ட துளை, உள்ளே கம்பளித் திரி. ஆயிரம் மைலுக்கு இரண்டு மூன்று சொட்டு விட்டால் பேரிங்குக்குப் போதும். திரியை உருவினேன். சொட்டச் சொட்ட வந்தது. எஞ்சின் ஆயில் கறுப்பாக, கனமாக இருக்கும். இது தண்ணீர் போலத் தெளிவாக, மெல்லிசாக இருந்தது.

மோந்து பார்த்தேன். திருப்பூரில் பிறந்தவனுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மெஷினிலிருந்து இறங்கி, சலவைப் பட்டறைக்குப் போகாத கோரா பனியன் துணியின் வாசனை. நிட்டிங் மெஷின் ஊசிக்கு விடும் எண்ணெய்.

ஆறுமுகம் சாரிடம் திரியை நீட்டினேன். அவரும் மோந்தார்.

“வாசனையை அளக்க மீட்டர் இருக்கா?”

“இல்லீங்க சார்.”

“அப்போ அறிக்கையில வராது.” திரியைக் காகிதத்தில் மடித்து மேசை மேல் வைத்தார். “தாவூது எங்கே குடியிருக்கார்?”

“நல்லூருங்க. மச்சினன் ஊட்டோட இருக்காரு. முன்பக்கம் மச்சினன் நாலு நிட்டிங் மெஷின் போட்டிருக்காருங்க.”

“வண்டி ராத்திரி எங்கே நிக்கும்?”

“அந்த மெஷினுங்க பக்கத்துலதானுங்க. நம்ம ஆபீஸ்ல ஷெட் இல்லை. வீட்டுக்கே கொண்டு போன்னு மேலாளர்தான் சொன்னாருங்க.”

ஆறுமுகம் சார் கடிகாரத்தைக் கழற்றினார். “நாளைக்குக் காலையில வாரும். வண்டியையும் எடுத்துட்டு வாரும். கழுவாம.”

மறுநாள் காலை நல்லூர் போய், வண்டியை அது வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிறுத்தினோம். தாவூது பாயின் மச்சினன் காசிம், உள்ளே மெஷின்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். மாநிறம், நெட்டை உடம்பு, கையில் நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கேன். எங்களுக்கு டீ வந்தது. வந்த காரியத்தைப் பற்றி ஆறுமுகம் சார் வாயே திறக்கவில்லை. என்னையும் திறக்கவிடவில்லை.

காசிம் முதல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அடுத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பிறகு மூலையில் இருந்த தையல் மெஷினுக்கு. பிறகு கதவுக் கீலுக்கு. பிறகு கிணற்று ராட்டினத்துக்கு. கடைசியில் எங்கள் வண்டியிடம் வந்தார். “வந்துட்டியா கண்ணு? எத்தனை நாளாச்சு உன்னையப் பாத்து!” என்று சீட்டைத் தட்டினார். டைனமோத் துளையின் மூடியை விரலால் தூக்கி, கேன் மூக்கை உள்ளே விட்டு, அடியைக் கட்டை விரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

ஆறுமுகம் சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அது என்ன, பாய்?”

“எண்ணெய்ங்க சார். சுத்தறது எதுவா இருந்தாலும் காலைல ஒரு வாய் எண்ணெய் ஊத்தோணுமுங்க. இல்லீன்னா ஊசி ஒடிஞ்சு போயிரும்.”

“இதுல ஊசி எங்கவே இருக்கு?”

காசிம் யோசித்தார். பிறகு ஹெட்லைட் மேல் இருந்த அம்மீட்டரைக் காட்டினார். “அதுல ஒண்ணு ஆடுதுங்களே.”

ஆறுமுகம் சார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உடனே அடக்கிக்கொண்டு, பேட்டரி ஏன் செத்தது என்று காசிமுக்குப் பொறுமையாக விளக்கினார். டைனமோவுக்குள் கரித்துண்டு ஒன்று செம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தொட்டால்தான் கரண்ட். பேரிங் குடித்தது போக மிஞ்சும் எண்ணெய் செம்பின் மேல் வழிந்து, கரித்தூளோடு குழைந்து, வார்னிஷ் பூசியதைப் போல் ஆகிவிடும். பிறகு கரி செம்பைத் தொடாது, எண்ணெயைத்தான் தொடும்.

காசிம் கையிலிருந்த கேன் கீழே விழுந்து உருண்டது. அங்கே வாசலில் நின்றிருந்த தாவூது பாயை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மச்சான்… நானா பண்ணுனேன்?”

“நல்லதுன்னுதானே பண்ணுனே” என்றார் தாவூது பாய்.

“இவர் எண்ணெய் ஊத்தறது உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று நான் கேட்டேன்.

“தெரியாம என்னங்க? தினமும் பாக்கறதுதான். எண்ணெய் போட்டதை எவனாச்சும் விசாரணையில குத்தம்னு சொல்லுவானுங்களா?”

“இனிமே அந்த வண்டிப் பக்கமே போகமாட்டேனுங்க சார், அல்லா மேல ஆணையா” என்றார் காசிம்.

“அந்தக் கதையே வேண்டாம். நாளைக்கும் ஊத்தணும். நாளன்னிக்கும் ஊத்தணும். நான் வந்து நிறுத்தச் சொல்லுத வரைக்கும் ஊத்தணும்” என்றார் ஆறுமுகம் சார்.

“கெட்டுப் போயிருமுங்களே!”

“கெடணும்வே. கெட்டாத்தான் உம்ம மச்சான் பொழைப்பாரு.”

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் நடந்ததைத் தாவூது பாய் பிறகு சொன்னார். காசிம் தினமும் காலையில் கேனை எடுத்துக்கொண்டு வண்டி முன் நிற்பாராம். பலிக்கு ஆட்டைப் பிடித்த மாதிரி முகம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவாராம். ஒருநாள் மனசு கேட்காமல் குறைவாக ஊற்றிவிட்டு, தங்கை, அதாவது தாவூது பாயின் மனைவி, சத்தம் போட்ட பிறகு மறுபடி வந்து ஊற்றினாராம். பகலில் பட்டறையிலிருந்து ஆள் வந்து வண்டியை எடுத்துப்போய் வழக்கமான தூரம் ஓட்டி, மாலையில் அங்கேயே கொண்டு வந்து விடுவான். துணியால் துடைக்கக்கூட அவனுக்கு உத்தரவு இல்லை.

ஒரு காலையில் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து அங்கேயே படுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. சோதனை மேசையிலிருந்த மீட்டர்களைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நல்லூருக்குப் போனோம். அங்கேயே, மெஷின்களின் பக்கத்திலேயே, அதே சோதனை. முனைகளை இணைத்தேன். வோல்ட்மீட்டரை மாட்டினேன். ஆறுமுகம் சார் தாமே எஞ்சினை உதைத்து எழுப்பினார். திராட்டிலை மெதுவாகத் திருகினார். எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். காசிம் மெஷின்களைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்.

முள் இரண்டுக்கு வந்தது. நடுங்கியது. மூன்றை எட்டிப் பார்த்தது. மயங்கி விழுகிறவனைப் போல் சரிந்து ஒன்றுக்கு வந்தது.

“செத்துருச்சு!” என்று கத்தினேன். என் பணிக்காலம் முழுவதும் பழுது கண்டு எரிச்சல்பட்டிருக்கிறேன், சலித்திருக்கிறேன். பழுது கண்டு சந்தோஷத்தில் கத்தியது அந்த ஒருமுறைதான்.

டைனமோ மூடியைத் திறந்தோம். செம்பு மினுங்க வேண்டிய இடம் கருப்பட்டிப் பாகு போல் இருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்தேன், கரித்துண்டுகளைத் துடைத்து மாட்டினேன். மறுபடி எஞ்சின், மறுபடி மீட்டர். முள் படியேறியது. தாவூது பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

திருட்டுக் குற்றச்சாட்டு அத்தோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். ஆறுமுகம் சார் நினைக்கவில்லை. திரும்பும் வழியில் சொன்னார்: “அரசாங்க வண்டியில வெளியாள் கைவைக்க விட்டதுக்கு ஒரு விதி இருக்குல்லா? திருட்டை விட்டுட்டு அதுல பிடிப்பான் உம்ம மேலாளர்.”

“அப்போ காசிம் பேரை விட்டுரலாமுங்களா?”

“விடப்படாது. நடந்ததை எழுதணும். எல்லாத்தையும் எழுதணும். வண்டி ஏன் அங்கே நின்னுதுங்கிறதையும் சேர்த்து எழுதும்.”

எழுதினேன். ‘பார்த்தது’ பகுதியின் முதல் வரி இது: ‘அலுவலகத்தில் வாகனக் கொட்டகை இல்லாமையால், மேலாளரின் வாய்மொழி உத்தரவின்படி இவ்வண்டி இரவில் ஊழியரின் இல்லத்திலுள்ள நிட்டிங் மெஷின்களுக்கு அருகில் நிறுத்தப்பட்டு வந்தது.’ அந்த வரியைப் படித்ததும் மேலாளருக்குக் காசிமின் எண்ணெயில் இருந்த ஆர்வம் வடிந்துவிட்டது. வெளியாள் விதியைப் பற்றி அதன் பிறகு அவர் வாயால் நான் கேட்கவில்லை. கொட்டகை எப்போது வரும் என்று மட்டும் ஒருமுறை பொதுவாகக் கேட்டார்.

மூன்றாவது பகுதியில், தாவூது பாய் குற்றமற்றவர், உடனே பணியில் சேர்க்கப்பட வேண்டியவர், பட்டறை வண்டிகளைக் கழுவிவிட்டுச் சோதிக்கும் விதியை முதலில் கழுவ வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சில் வழக்கம் போல் குறுக்கே ஓடியது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறுமுகம் சார் அதைப் பார்த்தும் பாராதவர் போல், இரண்டாவது பகுதியின் கீழே தம் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: ‘மேற்கண்ட சோதனைகள் யாவும் என் கண்ணெதிரே நடந்தன, எஞ்சினை இயக்கியவன் நான்.’ கையெழுத்துப் போட்டார். உதவிப் பொறியாளர் ஒருவர் தம்மைக் களத்தில் நின்ற ஆளாக எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை. தப்பாகப் போனால் அவரும் சேர்ந்து போவார்.

அறிக்கை மேலே போனது. கார்த்திகை போனது, மார்கழி போனது. தாவூது பாய்க்கு அரைச் சம்பளம். அவர் எங்களிடம் வந்து கேட்கவே இல்லை. காசிம்தான் வாரத்துக்கு இரண்டு முறை சைக்கிளில் வந்து, “கடுதாசி வந்துச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு, பட்டறையில் எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று திரும்புவார்.

பதில் வந்த அன்று மதியம் ஆறுமுகம் சார் அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. பணிநீக்கக் காலம் முழுவதும் பணியில் இருந்த காலமாகக் கருதப்படும். ஊழியர் உடனே பணியில் சேரலாம். கடைசியில் ஒரு கேள்வி: மேற்படி எண்ணெயின் வகையையும் அளவையும் தெரிவிக்கவும். மேலிடம் எதையும் முழுசாக நம்பிவிடாது.

அதே மோட்டார் சைக்கிளில் நல்லூருக்குப் போனேன். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாவூது பாய் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காசிம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். கையில் எண்ணெய்க் கேன். என்னைப் பார்த்ததும் கேனை வேட்டி மடிப்புக்குள் மறைத்தார்.

“வண்டி சாவியுங்க” என்று தாவூது பாயிடம் நீட்டினேன். வாங்கினார். விளக்கைப் போட்டார். சுவர் முழுவதும் வெளிச்சம். ஹாரனை ஒருமுறை அழுத்தினார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நகரா முரசு அடித்தது. என் கையிலும் ஒரு பேரீச்சம்பழம் வந்தது. பிறகு எல்லோரும் பெருநாள் பிறை பார்க்கத் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

கோப்பில் அந்தப் பதிலின் மேல் என்ன தேதி முத்திரை குத்தியிருந்தார்களோ, எனக்கு நினைவில்லை. நல்லூரில் அந்த வீட்டில் இன்றைக்குக் கேட்டாலும் தேதி சொல்வார்கள். அன்று நோன்பு இருபத்தொன்பது.